அம்மா திருப்பிச் சொன்ன பாடம்

பரீட்சைக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துவது நமது ஜீவனம். இருபது வருஷங்களாக அதையே செய்து வருகிறோம். ஒரே கணக்கை ஒன்பது விதமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு, "புரிந்ததா?" என்று கேட்டால், வகுப்பு முழுவதும் ஒரே குரலில், "புரிந்தது, சார்!" என்று கத்தும். அதை நம்புகிறவன் உபாத்தியாயன் அல்ல. கடைசி பெஞ்சுப் பையனைக் கரும்பலகைக்கு அழைத்து, சாக்பீஸை அவன் கையில் கொடுத்து, "எங்கே, நீ சொல் பார்க்கலாம்" என்று கேட்கிறவனே உபாத்தியாயன். இவ்வளவும் அறிந்திருந்த நாம், நம்மைப் பெற்ற தாயாரை அவருடைய வாழ்நாளிலேயே கடினமான ஒரு பரீட்சைக்கு, ஒரு வரிப் பாடமும் சொல்லிக் கொடுக்காமல் அனுப்பி வைத்தோம். அதன் பலனை அவருடைய வலது கால் இன்றளவும் அனுபவித்து வருகிறது.

அந்தப் பரீட்சைக்குப் பெயர், முழங்கால் மூட்டு மாற்று ரண சிகிச்சை. இன்று பெரும்பாலும் எந்தத் தெருவிலும் அதைச் செய்துகொண்டவர் ஒருவராவது, செய்துகொள்ளலாமா வேண்டாமா என்று தத்தளிப்பவர் இருவராவது இருக்கிறார்கள். ஆகையால் நமது வீட்டுச் சங்கதியை வெளியில் சொல்வதில் வெட்கப்படாமல், நேயர்களுக்குப் பிரயோஜனப்படும் என்ற எண்ணத்துடன் எழுதத் துணிந்தோம்.

முதல் கால்

2022-ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் வலது முழங்காலுக்குச் சிகிச்சை நடந்தது. அப்போது தாயாருக்கு வயது அறுபத்தேழு. பத்து வருஷமாகத் தைலம் தேய்த்து, பற்றுப் போட்டு, மாத்திரை விழுங்கி, கடைசியில் வீட்டு வாசலிலிருந்து தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் வரையில்கூட நடக்க முடியாத நிலைமைக்கு வந்திருந்தார். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார், "மாற்றிவிடலாம்" என்றார். நாமும் தலையை ஆட்டினோம். ஆஸ்பத்திரியில் இங்கிலீஷில் அச்சிட்ட நான்கு பக்கக் காகிதம் ஒன்றை நீட்டினார்கள். நாம் பட்டதாரி அல்லவா? வாங்கி, ஒரு பார்வை பார்த்து, சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, தாயாருக்காக நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். தாயார் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

பின்னால்தான் தெரிய வந்தது, அவர் மனத்தில் என்ன சித்திரம் இருந்ததென்று. முழங்காலுக்குக் கீழே காலை வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் இரும்புக் கீல் ஒன்றை வைத்து, மறுபடியும் ஒட்டப் போகிறார்கள் என்று அவர் நினைத்திருந்தார். அந்த எண்ணத்தோடு மூன்று இரவுகள் தூங்காமல் இருந்திருக்கிறார். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். வலி தெரியவில்லை, ஆனால் காது கேட்டுக்கொண்டிருந்தது. ரம்பம் அறுக்கும் சப்தமும் சுத்தியல் அடிக்கும் சப்தமும் கேட்டபோது, "தச்சுப் பட்டறையில் படுத்திருக்கிறோமா என்று பயந்துபோனேன்" என்று பிற்பாடு சொன்னார். "சப்தம் கேட்கும், அதற்காகப் பயப்பட வேண்டாம்" என்று ஒரு வார்த்தை யாரேனும் முன்னதாகச் சொல்லியிருந்தால் போதும்.

ரண சிகிச்சை நன்றாகவே நடந்தது. கெடுத்தவர்கள் வீட்டிலிருந்த நாம்தான். கெடுத்ததும் துவேஷத்தால் அல்ல, அன்பினால். காலை நீட்டினால் வலிக்கிறது என்று தாயார் முனகியதும், முழங்காலுக்கு அடியில் இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றை மடித்து வைத்தோம். உடனே சுகமாக இருந்தது. இரவும் பகலும் அந்தத் தலையணை அங்கேயே இருந்தது. சாப்பாடு கட்டிலுக்கு வந்தது. தண்ணீர் கட்டிலுக்கு வந்தது. எழுந்திருக்கப் போனால், "நீங்கள் அசையாமல் இருங்கள் அம்மா, நாங்கள் எதற்கு இருக்கிறோம்?" என்று இல்லாள் தடுத்தாள். பயிற்சி சொல்லிக் கொடுக்க வந்தவர் வலிக்கச் செய்கிறார் என்று, இரண்டாம் வாரத்தில் அவரையும் நிறுத்திவிட்டோம்.

புதிய மூட்டு எந்த நிலையில் வைக்கப்படுகிறதோ அந்த நிலைக்கே பழகிவிடும் என்பதும், மடங்கிய நிலையில் வாரக் கணக்கில் வைத்தால் பின்புறத்துத் தசையும் திசுவும் சுருங்கிப்போய்க் கால் மறுபடியும் நேராக நீளாது என்பதும் நமக்குத் தெரியாது. இரண்டு மாதம் கழித்து டாக்டர் பார்த்தபோது முழங்கால் அறுபது டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. நீட்டினால் நேராகவும் இல்லை. மறுபடியும் மயக்கம் கொடுத்துக் காலை மடக்கிவிட்டார்கள். அதன்பின் ஓரளவு மடங்கிற்று. ஆனால் நேராகாத குறை நீங்கவில்லை. கணக்கு வாத்தியார் வீட்டில் கோணமானிக்குப் பஞ்சமா? அளந்து பார்த்தோம். பத்து டிகிரி குறைந்தது. இன்றும் குறைகிறது. தாயார் நடக்கும்போது அந்தப் பத்து டிகிரி நம் கண்ணில் உறுத்துகிறது.

ஒரு நாள் நாம் பரீட்சைக் காகிதங்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது தாயார் சொன்னார்: "ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிறாயே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அப்பா?" கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

இரண்டாம் கால்

இடது முழங்காலும் தேய்ந்துகொண்டே வந்தது. "இனி எந்தக் கத்தியும் வேண்டாம்" என்று ஒன்றரை வருஷம் பிடிவாதமாக இருந்தார். முடிவில், 2024-ஆம் ஆண்டு தை மாதத்தில், வேறோர் ஊரில் உள்ள அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனோம். இந்தத் தடவை, முதலில் கேட்பது, பிறகுதான் தலையை ஆட்டுவது என்று தீர்மானம் செய்திருந்தோம்.

அங்கே தலைமை நர்ஸ் ஒருவர் இருந்தார். சிகிச்சைக்கு வரப்போகும் ஐந்தாறு பேரையும் அவர்களுடைய வீட்டாரையும் ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, பிளாஸ்டிக்கில் செய்த முழங்கால் எலும்பு ஒன்றை மேஜைமேல் வைத்துக்கொண்டு, தமிழில் பேச ஆரம்பித்தார். நாம் பார்த்த நல்ல வகுப்புகளில் அதுவும் ஒன்று. அவர் சொன்னதையும், நாம் பிறகு படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

தொடை எலும்பின் கீழ் முனையும் கீழ்க்கால் எலும்பின் மேல் முனையும் சந்திக்கும் இடமே முழங்கால். இரண்டு முனைகளையும் வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அது தேய்ந்துபோனால் எலும்போடு எலும்பு உராய்கிறது. வலியும் வீக்கமும் கால் கோணுதலும் வருகின்றன. தேய்ந்த குருத்தெலும்பை மறுபடி வளரச் செய்யும் மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆயினும் தேய்ந்தவர்கள் எல்லோருக்கும் கத்தி தேவை என்பதில்லை. உடல் எடையைக் குறைப்பது, தொடைத் தசையை வலுப்படுத்துவது, கைத்தடி பிடிப்பது, டாக்டர் சொல்லும் வலி மாத்திரைகள் ஆகியவற்றால் பல வருஷம் தள்ளுகிறவர்கள் உண்டு. இவை பயன்படாமல், வலி தூக்கத்தைக் கெடுத்து, அன்றாட வேலையையும் முடக்கும்போதுதான் மாற்று சிகிச்சையைப் பற்றி யோசிக்க வேண்டும். இது அவசர சிகிச்சை அல்ல. ஆகவே ஆயத்தம் செய்துகொள்ள நாள் இருக்கிறது.

"மாற்று" என்ற வார்த்தைதான் பயமுறுத்துகிறது. காலை எங்கும் துண்டிப்பதில்லை. இரண்டு எலும்பு முனைகளிலும் தேய்ந்த பகுதியைச் சில மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி எடுக்கிறார்கள். தொடை எலும்பு முனைக்குக் கோபால்ட்-குரோமியம் கலந்த உலோகக் கவசமும், கீழெலும்புக்கு ஓர் உலோகத் தட்டும் பொருத்துகிறார்கள். இரண்டுக்கும் நடுவே பாலிஎதிலீன் என்னும் கெட்டியான பிளாஸ்டிக் பலகை ஒன்று. பெரும்பாலும் எலும்புச் சிமெண்டு ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. வேலை முடிய ஏறக்குறைய ஒன்றரை மணி அல்லது இரண்டு மணி நேரம் ஆகும். சொத்தைப் பல்லைச் சீவி அதன்மேல் தொப்பி போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

தொடையில் வைத்துப் பார்த்தவர்

இந்தச் சாதனம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெர்லினில் தெமிஸ்டோக்ளிஸ் குளூக் என்பவர் தந்தத்தால் செய்த மூட்டை மனிதனின் முழங்காலில் பொருத்திப் பார்த்தார். சீழ்பிடித்து அந்த முயற்சி தோற்றது. 1938-இல் லண்டனில் பிலிப் வைல்ஸ் உருக்கினால் இடுப்பு மூட்டுச் செய்தார். இங்கிலாந்தில் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஜான் சார்ன்லிதான் இந்த வைத்தியத்தை நிலைநிறுத்தியவர். அவரும் முதலில் டெஃப்லான் என்னும் பொருளால் இடுப்புக் கிண்ணம் செய்து, நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பொருத்தினார். சில வருஷங்களில் அது தேய்ந்து, தேய்ந்த தூள் உடம்பைப் புண்ணாக்கியது. தாம் செய்ததைத் தாமே ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க நேர்ந்தது. அந்தத் தூள் உடம்புக்குள் என்ன செய்கிறதென்று அறிய, டெஃப்லானையும் பாலிஎதிலீனையும் தம் தொடையிலேயே பதித்துவைத்து, மாதக் கணக்கில் கவனித்தார். முன்னது வீங்கியது, பின்னது வாளாவிருந்தது. 1962-ஆம் ஆண்டு நவம்பரில் பாலிஎதிலீன் கிண்ணத்தைப் பொருத்தத் தொடங்கினார். இன்று உலகமெங்கும் பொருத்தப்படும் மூட்டுகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது அந்தப் பொருளின் வழிவந்ததே.

முழங்காலுக்கு இன்று வழங்கும் அமைப்பு 1974-இல் நியூயார்க்கில் உருவாயிற்று. அதை அமைத்த மூவரில் ஒருவர் இந்தியாவில் பிறந்த டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத். அவரே 2000-ஆம் ஆண்டிலும் 2001-ஆம் ஆண்டிலும் பம்பாய் வந்து, அப்போது பிரதம மந்திரியாக இருந்த வாஜ்பாயின் இரண்டு முழங்கால்களுக்கும் சிகிச்சை செய்தார். இதைச் சொன்னபோது, "அவர் நாட்டையே நடத்திக்கொண்டு இதையும் செய்துகொண்டாரா?" என்று தாயார் கேட்டார். அன்றைக்குத்தான் அவர் முகத்தில் முதன்முதலாகத் தெளிவு கண்டோம்.

"நீங்கள் சொல்லுங்கள்"

நர்ஸ் அம்மாள் அரைமணி நேரம் பேசினார். முடிந்ததும், "புரிந்ததா?" என்று கேட்பார் என எதிர்பார்த்தோம். அவர் அப்படிக் கேட்கவில்லை. நம் தாயாரைப் பார்த்து, "அம்மா, நாளைக்கு உங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் வந்து, என்ன செய்யப் போகிறார்கள், வீட்டுக்கு வந்தபின் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? அதை என்னிடம் சொல்லுங்கள்" என்றார்.

தாயார் தயங்கித் தயங்கிச் சொல்ல ஆரம்பித்தார். எலும்பைச் சீவுவது, தொப்பி போடுவது எல்லாம் சரியாக வந்தது. "பிறகு ஒரு மாதம் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது" என்று முடித்தார். நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. நர்ஸ் அம்மாள் சொன்னது, "ஒரு மாதத்துக்கு ஆதரவில்லாமல் இறங்கக் கூடாது" என்பது. சிகிச்சை முடிந்த அன்றைக்கோ மறுநாளோ எழுந்து நிற்க வைப்பார்கள் என்றும் அவர் தெளிவாகவே சொல்லியிருந்தார். சொன்னவர் சரியாகத்தான் சொன்னார். கேட்டவர் மனத்தில் முதல் காலின் ஞாபகம் புகுந்து பாடத்தை மாற்றி எழுதிவிட்டது. நர்ஸ் அம்மாள் சிரித்துக்கொண்டே திருத்தினார். மறுபடி சொல்லச் சொன்னார். இரண்டாம் தடவை சரியாக வந்தது.

கரும்பலகைக்குக் கடைசி பெஞ்சுப் பையனை அழைக்கும் நம் வித்தையை, அவர் ஆஸ்பத்திரியில் செய்துகொண்டிருந்தார்! நமக்கோ, நம் வித்தையை வீட்டில் உபயோகிக்கத் தோன்றவில்லை.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிகிச்சைக்கு முன்னால் பாடம் சொல்வதனால் எவ்வளவு நன்மை என்று பல நாடுகளில் நடந்த சோதனைகளையெல்லாம் தொகுத்துக் காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பு 2014-இல் ஒரு மதிப்பாய்வு வெளியிட்டது. வழக்கமான கவனிப்போடு ஒப்பிடும்போது, வலியிலும் நடையிலும் பெரிய வித்தியாசம் காணவில்லை. பயம் குறைகிறதா என்பதும் நிச்சயமாகத் தெரியவில்லை என்பதே அதன் முடிவு. இதைப் படித்தபோது நமக்கு ஆச்சரியம் ஏற்படவில்லை. குறிப்பேட்டை வாசித்துவிட்டுப் போகும் வாத்தியாரால் எந்த வகுப்பு தேறியிருக்கிறது? காகிதத்தைக் கொடுப்பது வேறு. விளங்க வைப்பது வேறு. அதுவும், வழக்கமான கவனிப்பே கிடைக்காத வீடுகளில் ஒரு தலையணை எவ்வளவு கெடுக்கும் என்பதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம்.

உடம்பின் ஆயத்தம்

எலும்பு டாக்டர் தேதி கொடுத்துவிட்டார் என்பதற்காக உடம்பும் தயாராகிவிட்டது என்று எண்ணக் கூடாது. செயற்கை மூட்டுக்குப் பெரும் சத்துரு கிருமி. நூறு பேரில் ஓரிருவருக்கு, அல்லது அதற்கும் குறைவானவர்களுக்கே மூட்டில் சீழ்பிடிக்கிறது என்றாலும், பிடித்துவிட்டால் பொருத்தியதைக் கழற்ற வேண்டிவரலாம். ஆகையால் சொத்தைப் பல், சிறுநீர்க் கோளாறு, கால் வெடிப்பு, தோலில் சிரங்கு எதுவாயினும் முன்னதாகவே குணப்படுத்திக்கொள்ள வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு அன்றைய சர்க்கரை அளவு மட்டும் போதாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையும் பார்க்கிறார்கள். நம் தாயாருக்கு அது அதிகமாக இருந்ததால் இரண்டு மாதம் தள்ளிப்போட்டார்கள். நமக்கு எரிச்சல்தான்; ஆனால் அந்த இரண்டு மாதம் வீணாகவில்லை.

இரத்த சோகை இருந்தால் முன்னரே சரிசெய்ய வேண்டும். புகையிலையும் சிகரெட்டும் புண் ஆறுவதைத் தாமதப்படுத்துவதால், சில வாரங்களுக்கு முன்னதாகவே விட்டுவிட வேண்டும். சாப்பிடுகிற மாத்திரைகள் அனைத்தையும், நாட்டு மருந்து, சூரணம், லேகியம் உள்பட, ஒரு பையில் போட்டு டாக்டர் முன் கொட்டிவிடுவது நல்லது. இரத்தத்தை இளக்கும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்துவதும் தவறு. டாக்டரைக் கேளாமல் தொடர்வதும் தவறு. காலிலுள்ள ரோமத்தை வீட்டில் சவரம் செய்துகொண்டு போகக் கூடாது; கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியே கிருமி புகும்.

தொடைத் தசைக்குப் பயிற்சியும் முன்னதாகவே தொடங்க வேண்டும். காலை நீட்டிப் படுத்து, முழங்காலின் பின்புறம் படுக்கையில் அழுந்தும்படி தசையை இறுக்கி, ஐந்து எண்ணி விடுவது ஒன்று. குதிகாலைப் படுக்கையில் உரசிக்கொண்டே தன்னை நோக்கி இழுப்பது மற்றொன்று. பேத்தி எண்ணிக்கை சொல்ல, பாட்டி செய்ய, தினம் காலையும் மாலையும் வீட்டில் ஒரு வகுப்பு நடந்தது.

வீட்டின் ஆயத்தம்

நம்முடைய வாழ்க்கை தரையோடு ஒட்டியது. தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அரிவாள்மணையில் காய் நறுக்குகிறோம். குந்திக் கோலம் போடுகிறோம். புதிய முழங்கால் இவற்றுக்கு ஏற்றதல்ல. பெரும்பாலோர்க்கு அது நூறு, நூற்றிருபது டிகிரி வரையில் மடங்கும். படியேறவும் நாற்காலியிலிருந்து எழவும் அது போதும்; குந்துவதற்கும் சம்மணமிடுவதற்கும் போதாது. இதை முன்னதாகத் தெரிந்துகொள்ளாதவர்கள் பிறகு ஏமாற்றம் அடைகிறார்கள்.

ஆகவே அந்த இரண்டு மாதத்தில் வீட்டையே சற்று உயர்த்தினோம். கழிப்பிடத்தில் உட்காரும் பீங்கானும், சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் வைத்தோம். கை வைத்த உயரமான நாற்காலி ஒன்று வந்தது. கட்டில் காலுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து உயர்த்தினோம். தரையில் கிடந்த பாயும், வாசலில் கிடந்த மிதியடியும், குறுக்கே ஓடிய மின்சார ஒயரும் அகன்றன. இரவில் கழிப்பிடத்துக்குப் போகும் வழியில் சிறு விளக்கு ஒன்று எரிந்தது. அரிவாள்மணை பரண்மேல் ஏறிற்று. மேஜைமேல் கத்தியும் பலகையும் வந்தன. கோலம் போடும் உரிமையைத் தாயார் பேத்திக்கு முறைப்படி மாற்றிக் கொடுத்தார். அன்று மட்டும் அவர் கண் கலங்கிற்று. ஐம்பது வருஷத்து வழக்கம் அல்லவா?

சிகிச்சைக்குப் பின்

இந்தத் தடவை சுத்தியல் சப்தம் கேட்டபோது, "தொப்பியை இறுக்குகிறார்கள்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டாராம். மறுநாள் காலை, நடைக்குத் துணையான நான்கு கால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடந்தார்.

வீட்டில் தலையணை முழங்காலுக்கு அடியில் போகவில்லை. சுருட்டிய துண்டு ஒன்று குதிகாலுக்கு அடியில் போயிற்று. அப்போது முழங்கால் தானே தொங்கி நேராகும். வலிக்கத்தான் செய்தது. வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரைமணி முன்னதாகக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி வைத்தோம். காலில் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்தார்கள். அதனுடன், விழித்திருக்கும்போதெல்லாம் கணுக்காலை மேலும் கீழும் அசைக்கச் சொன்னார்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது சிகிச்சை பெற்ற கால் முதலில் என்பது விதி. தாயார் அதை, "நல்லது ஏறும், நோவு இறங்கும்" என்று தமக்கென ஒரு சூத்திரமாக்கிக்கொண்டார். அவருடைய "நல்ல கால்" எது என்பதை நினைத்தால் நமக்குச் சிரிப்பும் வரும், துக்கமும் வரும்.

சில விஷயங்களை முன்னரே சொல்லிவைத்தால் வீண் பயம் இல்லை. வீக்கமும் சூடும் வாரக் கணக்கில், சிலருக்கு மாதக் கணக்கில் இருக்கும். தழும்பின் வெளிப்பக்கம் மரத்தது போலிருக்கும். நடக்கையில் "டக்" என்று ஒலி கேட்கலாம். இவற்றுக்குக் கலங்க வேண்டியதில்லை. ஆனால் புண்ணிலிருந்து நீர் கசிவது, சிவந்து காய்ச்சல் வருவது, கெண்டைக்கால் வலித்து வீங்குவது, இவற்றில் எது கண்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். திடீரென்று மூச்சு முட்டுவதோ நெஞ்சு வலிப்பதோ நேர்ந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

எதை எதிர்பார்க்கலாம்?

சாதாரண நடமாட்டத்துக்கு மூன்று மாதம், முழுப் பலன் தெரிய ஒரு வருஷம் என்று கொள்ளலாம். 2019-இல் வெளியான பெரிய ஆராய்ச்சி ஒன்றின்படி, பொருத்திய முழங்கால்களில் நூற்றுக்கு 82 இருபத்தைந்து வருஷம் வரையில் நீடிக்கின்றன. அதே சமயம், செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பலனில் முழுத் திருப்தி அடைவதில்லை என்றும் பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துச் சொல்கிறவரே நல்ல ஆலோசகர்.

பணத்தைப் பற்றியும் கூசாமல் கேட்க வேண்டும். 2017 ஆகஸ்டில் மத்திய அரசாங்கத்தின் மருந்து விலை ஆணையம் முழங்கால் சாதனங்களுக்கு உச்ச விலை விதித்தது. வழக்கமான கோபால்ட்-குரோமியம் சாதனத்துக்கு வரி நீங்கலாக ரூ.54,720 என்று அப்போது நிர்ணயித்தார்கள். அதற்கு முன் சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது. சாதனத்தின் விலை எவ்வளவு, மற்றச் செலவு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்பது நோயாளியின் உரிமை. அரசாங்கக் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், எந்த ஆஸ்பத்திரியில் அது செல்லும் என்று முன்னதாக விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கையெழுத்து

கடைசியாக ஒன்று. 2008 ஜனவரியில் நமது சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மயக்கத்தில் இருந்த, வயது வந்த பெண் ஒருவருக்காக அவருடைய தாயார் கொடுத்த சம்மதம் செல்லாது. உயிருக்கு ஆபத்தில்லாத நிலையில், விஷயத்தைப் போதுமான அளவு தெரிந்துகொண்டு நோயாளியே கொடுப்பதுதான் சம்மதம் என்பது அதன் சாரம். இதைப் படித்தபோது, 2022-இல் நாம் எடுத்த பேனா நினைவுக்கு வந்தது. படிப்பாளி என்ற செருக்கில், தாயாரின் காலுக்கு நாம் கையெழுத்துப் போட்டோம். அந்தக் காகிதம் தமிழில் இருந்திருந்தால் அவரே படித்திருப்பார். படித்திருந்தால் கேட்டிருப்பார். கேட்டிருந்தால், ஒருவேளை, அந்தப் பத்து டிகிரி மிஞ்சியிருக்கும். நோயாளிக்கு விளங்கும் பாஷையில் சொல்லப்படாத சம்மதம் சம்மதமாகுமா?

இரண்டாம் தடவை காகிதம் வந்தபோது நாம் பேனாவை எடுக்கவில்லை. தாயார் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டார். நர்ஸ் அம்மாள் ஒவ்வொரு பகுதியாகத் தமிழில் சொல்ல, இரண்டு இடத்தில் நிறுத்திச் சந்தேகம் கேட்டார். பிறகு, ரேஷன் அட்டைக்குப் போடுவதுபோல எழுத்துக் கூட்டி, நிதானமாகத் தம் பெயரை எழுதினார்.

சென்ற மாதம் எதிர்வீட்டு அம்மாள் ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். தாயார் உள்ளேயிருந்து நாற்காலி ஒன்றை எடுத்துவரச் சொல்லி, "பல்லுக்குத் தொப்பி போடுவதைப் பார்த்திருக்கிறாயா?" என்று ஆரம்பித்தார். எல்லாம் சொல்லி முடித்தபின், நாம் உள்ளே காகிதம் திருத்திக்கொண்டே காதைக் கொடுத்துக் கேட்டோம்.

"சரி, இப்போது நீ எனக்குச் சொல், பார்க்கலாம்" என்றார் தாயார்.